சுண்ணாம்புத் தெளிவா, இரண்டு பாட்டிலா, ரியாக்டரா: ரீஃப் டேங்குக்கு எது?

ரீஃப் டேங்க் என்பது வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. பவளம் எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் (தண்ணீரில் உள்ள கார்பனேட் சத்து) திருப்பித் தரத்தான் தலைப்பில் உள்ள மூன்று முறைகளும். எது சிறந்தது என்று கேட்கும் முன், உங்கள் டேங்க் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆல்கலினிட்டியைத் தின்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அந்த ஒரு எண் கையில் இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மூன்று நாள் எதையும் ஊற்றாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். 9, 7.5, 6 டிகேஎச் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) என்று இறங்கினால் நாளுக்கு 1.5 செலவு. நடுத்தர அளவில் அக்ரோபோரா, மாண்டிபோரா போன்ற கல் பவளங்கள் வளர்ந்த டேங்க் சாதாரணமாகக் காட்டும் எண்தான் இது. கீழே உள்ள கணக்கெல்லாம் 200 லிட்டர் தண்ணீர், 1.5 டிகேஎச் செலவு என்று வைத்தே போடப்பட்டது.

கால்சியத்தை விட்டு ஆல்கலினிட்டியை ஏன் அளக்க வேண்டும்? பவளம் எலும்பு கட்டும்போது 1 டிகேஎச் குறைந்தால் கூடவே சுமார் 7 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) கால்சியமும் குறைகிறது. இரண்டு நாளில் 3 டிகேஎச் போனால் கால்சியம் 420இலிருந்து 399க்கு வரும். வீட்டு டெஸ்ட் கிட்டில் இந்த வித்தியாசம் கைத்தவறு மாதிரிதான் தெரியும். ஆல்கலினிட்டியோ அதே இரண்டு நாளில் மூன்றில் ஒரு பங்கு காலியாகி, பவளத்தின் நுனி வெளுக்கத் தொடங்கும். ஆகவே 8–9 டிகேஎச்சை அசையாமல் பிடியுங்கள். கால்சியத்தை வாரம் ஒருமுறை 400–450க்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மெக்னீசியம் 1250க்குக் கீழே போனால் மட்டும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அது குறைவாக இருக்கும்போது நீங்கள் ஊற்றுவது பவளத்துக்குப் போகாமல் ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளையாகப் படியும்.

தண்ணீர் மாற்றியே சமாளிப்போம் என்பவர்களுக்கு: 11 டிகேஎச் தரும் கடலுப்பில் கலந்த தண்ணீரால் வாரம் பத்து சதவீதம் மாற்றினால், 8இல் இருக்கும் டேங்க் 0.3 ஏறும். வாரச் செலவோ பத்துக்கு மேல். சோவாந்தஸ், லெதர், காளான் பவளம் போன்ற மென் வகைகள் மட்டும் உள்ள டேங்குக்கு இது போதும். மற்றவர்கள் மேலே படியுங்கள்.

சுண்ணாம்புத் தெளிவு

ஜெர்மன் மொழியிலிருந்து வந்த பெயரில் ‘கால்க்வாஸர்’, சுருக்கமாக கால்க். சரக்கு கால்சியம் ஹைட்ராக்ஸைடு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் வேதியியல்படி இதேதான், ஆனால் அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆய்வகத் தரமோ உணவுத் தரமோ வாங்குங்கள்.

ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீருக்கு 2 கிராம் போட்டுக் கலக்கி, மூடி, இரவெல்லாம் தெளிய விடுங்கள். சர்க்கரை மாதிரி இல்லை இது, தண்ணீர் சூடாக இருந்தால் குறைவாகத்தான் கரையும். நம்மூர் வெப்பத்தில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் கணக்கு. மிச்சம் அடியில் தங்கட்டும். தாமிரம் போன்ற கசடுகளும் அந்த வண்டலோடு சேர்ந்தே படியும் என்பதால் உறிஞ்சும் குழாயின் வாய் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே நிற்க வேண்டும். மேலே பாலாடை போல ஒரு வெள்ளை ஏடு கட்டும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு பட்டு உருவான கால்சியம் கார்பனேட் அது; கலைக்காமல் விடுங்கள், கீழே இருப்பதைக் கொஞ்சம் காப்பாற்றும்.

ஒரு லிட்டர் தெளிவு, 200 லிட்டர் டேங்கில் 0.57 டிகேஎச்சும் 4 பிபிஎம் கால்சியமும் ஏற்றும். இரண்டும் பவளம் தின்னும் விகிதத்திலேயே சேர்வதும், உப்பு எதுவும் மிஞ்சாததும் இதன் பெரிய பலம். பிஎச்சையும் தூக்கிவிடும். ஏசி போட்டுக் கதவடைத்த அறையில் நாலு பேர் மூச்சுவிட்டு, டேங்கின் பிஎச் 7.8இல் கிடக்கிற வீடுகளுக்கு இதுவே மருந்து.

எல்லை எங்கே என்றால் ஆவியாதலில். குறைந்த தண்ணீருக்குப் பதிலாகத்தான் இதை விட முடியும். ஃபேன் வைத்துக் குளிர்விக்கும் டேங்கில் நாளுக்கு 3 லிட்டர் போனால் 1.7 டிகேஎச் கிடைக்கும். கால்க் மட்டுமே போதும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வைத்து, மூடி போட்டு, 1.5 லிட்டர்தான் போகிறது என்றால் 0.85தான் வரும்.

கெட்டுப்போவது ஒரே வழியில், ஆனால் பயங்கரமாக: ஆவியான தண்ணீரை ஈடுசெய்யும் மிதவை வால்வு சிக்கி, மொத்தமும் ஒரேயடியாக உள்ளே போவது. 10 லிட்டர் போனால் 5.7 டிகேஎச் ஏறும், பிஎச் 9ஐத் தாண்டும், தண்ணீர் மோர் மாதிரி ஆகிவிடும். ஆகவே கால்க் கேன் 4 லிட்டருக்கு மேல் வேண்டாம். நடந்தேவிட்டால், சுவையோ உப்போ சேர்க்காத வெறும் சோடாத் தண்ணீரை 300 மி.லி. அளவில் ஸம்ப்பில் (டேங்கோடு இணைந்த துணைத் தொட்டி) மெதுவாக ஊற்றி, பிஎச்சைப் பார்த்துக்கொண்டு நிறுத்துங்கள். பெட்டிக்கடை கோலி சோடா இதற்குப் போதும்.

இரண்டு பாட்டில்

ஒன்றில் கால்சியம் குளோரைடு, மற்றதில் சோடா (சோடியம் கார்பனேட்). அமெரிக்க வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி வெளியிட்ட செய்முறை பரவலாகப் புழங்குகிறது. லிட்டர் கணக்கில்: கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 132 கிராம் ஒரு பாட்டிலில், ஆப்பசோடா 157 கிராமை 150 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வறுத்து இன்னொன்றில். (பேக்கிங் பவுடர் வேறு சரக்கு, தொடாதீர்கள்.) வறுத்ததை எடை போட்டால் 99 கிராம் அருகே நிற்க வேண்டும். 120 காட்டினால் இன்னும் ஆகவில்லை. ஓவன் இல்லையென்றால் நேராகத் தூய சோடியம் கார்பனேட் 99 கிராம். வறுக்காமலே போட்டால் 157 கிராம் ஒரு லிட்டரில் கரையாது. 78 கிராம் போட்டு அளவை இரட்டிப்பாக்க வேண்டும். பிஎச் ஏற்கெனவே 8.4ஐத் தொடும் டேங்குக்கு மட்டும் அது சரி.

இந்தக் கரைசலில் 38 மி.லி., 200 லிட்டரை 1 டிகேஎச் ஏற்றும். நம் டேங்குக்கு ஒவ்வொன்றிலும் நாளுக்கு 57 மி.லி. அதை டோசிங் பம்பில் பத்துப் பன்னிரண்டு தவணையாகப் பிரித்து, ஸம்ப்பில் ஓட்டம் வலுவான இடத்தில் விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் பதினைந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் விழுந்தால் அங்கேயே சுண்ணாம்பாகிவிடும்.

துல்லியத்தில் இதற்கு இணை கிடையாது. தொல்லை பின்னால் வரும். ஒவ்வொரு நாளும் சுமார் 6 கிராம் சோற்றுப்பு மிஞ்சுகிறது. மாதம் 180 கிராம். உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 இருந்தால் 36 பக்கம் போய் நிற்கும். மாதம் 5 லிட்டர் டேங்க் தண்ணீரை எடுத்துவிட்டு ஆர்ஓ தண்ணீர் விட்டால் நேராகும். ஹான்ஸ்-வெர்னர் பாலிங் பெயரால் வழங்கும் பாலிங் முறையில், சோற்றுப்பு நீக்கிய கடலுப்பு என்று மூன்றாவது பாட்டில் சேர்வது இந்த அயனிச் சமநிலைக்காகத்தான். இன்னொன்று, கால்சியம் குளோரைடு டப்பா சரியாக மூடாவிட்டால் ஈரம் இழுத்துக் கசியும். அப்புறம் 132 கிராம் என்று நிறுப்பதில் பாதி தண்ணீர். ஆல்கலினிட்டி சரியாக நிற்கும், கால்சியம் மட்டும் வாரா வாரம் இறங்கும். பம்ப் குழாயும் தளர்ந்துபோகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு சிலிண்டரில் பிடித்துப் பாருங்கள்.

ரியாக்டர்

கார்பன் டை ஆக்ஸைடால் தண்ணீரை அமிலமாக்கி, பழைய பவளச் சல்லியைக் கரைத்து டேங்குக்குத் திருப்பித் தரும் கருவி. குடுவைக்குள் பிஎச் 6.5–6.7, வெளிவரும் தண்ணீர் 30 டிகேஎச் என்றால், 8 உள்ள நம் டேங்குக்கு நிமிடத்துக்கு 9–10 மி.லி. போதும். பிரச்சினையே அங்குதான். அவ்வளவு சன்னமான ஒழுக்கு சுலபத்தில் அடைத்துக்கொள்ளும். பிஎச்சை இன்னும் இறக்கினால் சல்லி கூழாகும். சிலிண்டர் தீரும் தறுவாயில் மலிவு ரெகுலேட்டர் மீதி வாயுவை மொத்தமாகத் தள்ளிவிடும். டேங்க் பிஎச்சும் இறங்கும். ஏசி அறைக்கு இது ஆகவே ஆகாது. 500 லிட்டருக்கு மேல், நாளுக்கு 2–3 டிகேஎச் தின்னும் டேங்கில்தான் இதன் செலவு நியாயமாகிறது. அங்கே பாட்டில் கலக்கியே கை ஓய்ந்துவிடும். சல்லியோ மெக்னீசியம், ஸ்ட்ரான்சியம் எல்லாம் கூடவே கொடுக்கும்.

200 லிட்டர்காரருக்கு எங்கள் தேர்வு: அடிப்படைக்குக் கால்க், குறைவதற்கு இரண்டு பாட்டில். ஒரு கண் மட்டும் பருவத்தின் மேல் இருக்கட்டும். சென்னையில் ஐப்பசி மழை பிடித்ததும் காற்று ஈரமாகி, 3 லிட்டர் ஆவியானது 1.5க்கு இறங்கும். பவளம் வழக்கம்போலத் தின்னும்; கால்க் பாதிதான் போகும். எதுவும் மாற்றாமலே ஆல்கலினிட்டி ஏன் சரிகிறது என்று அப்போதுதான் பலரும் தலையைச் சொறிவார்கள். குறைவது 0.65 டிகேஎச். இரண்டு பாட்டிலிலிருந்தும் நாளுக்கு 25 மி.லி. கூட்டிவிட்டு, மழை விட்டதும் மறக்காமல் குறையுங்கள்.