கஜு கேக்கா, எள்ளுருண்டையா? கொழும்பு வெக்கைக்கு எது தோது

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இப்போது இனிப்பென்றால் பெரும்பாலும் அடுப்பு மூட்டாமல் செய்வதுதான். பால், நெய், தேன் கிடையாது. 42 முதல் 48 பாகை செல்சியசுக்கு மேல் எதையும் சூடாக்குவதும் கிடையாது. இதைத்தான் பச்சை உணவு என்கிறார்கள். எல்லையை ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே வைப்பார்கள். சாப்பாட்டுப் பக்கம் இது நமக்குப் புதிதல்ல. மாசிக் கருவாடு போடாத வல்லாரைச் சம்பலும் தேங்காய்ப்பூ சேர்த்த கரட் சம்பலும் அடுப்பைக் காணாதவைதானே. எனக்குப் பச்சை உணவில் மனம் விழுந்ததே வல்லாரையால்தான். தேசிக்காய்ப் புளி பட்டதும் இலையின் கசப்பு அடங்கி ஒரு குளிர்ச்சி எழும்பும். அந்த ருசி சமைத்த இலையில் வராது.

இனிப்பில்தான் எதைச் செய்வது என்ற கேள்வி வந்தது. வெளிநாட்டுக்காரர் சொல்லும் கஜு கேக், நம்ம ஊர் எள்ளை வைத்துச் செய்யும் உருண்டை, இரண்டையும் செய்து பார்த்து உருண்டையில் நின்றுவிட்டேன்.

கேக்கில் ருசிக் குறை இல்லை. கஜுவை நாலு மணித்தியாலம் ஊறவைத்து, தேங்காய் எண்ணெய், தேசிக்காய்ப் புளி, பேரீச்சம்பழம் சேர்த்து மையாக அரைத்து, ஃப்ரீசரில் இறுக விடுவது. வாயில் கரையும்போது இதில் பாலே இல்லை என்று நம்ப முடியாது. கஜு விலை எல்லோருக்கும் தெரிந்தது, அதை விடுவோம். இன்னொன்று: உலகச் சந்தைக்கு வரும் 'பச்சை'க் கஜுவில் பெரும்பகுதி, கோதிலுள்ள தோலைப் புண்ணாக்கும் எண்ணெய்க்காக ஆவியிலோ நெருப்பிலோ சூடாக்கித்தான் உடைக்கப்படுகிறது. கண்டிப்பாகப் பச்சைதான் வேண்டும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

என் முடிவுக்குக் காரணம் வேறு. வெக்கை. அந்தக் கேக்கைப் பிடித்து நிறுத்துவது தேங்காய் எண்ணெய். அது ஏறத்தாழ 24 பாகையிலேயே உருகிவிடும். கொழும்பில் பகலில் 30 சாதாரணம், இரவிலும் 24க்குக் கீழே பெரிதாக இறங்காது. குசினித் தட்டில் இருக்கும் எண்ணெய்ப் போத்தல் எப்போதாவது உறைந்து நின்றிருக்கிறதா? போத்தலிலேயே உறையாத எண்ணெய் கேக்கை எப்படித் தாங்கும்? வந்தவர்களோடு கொஞ்சம் கதைத்துவிட்டுத் திரும்பினால், விளிம்பு மினுங்கத் தொடங்கியிருக்கும். பிறகு அடியைச் சுற்றி எண்ணெய் கசியும். கத்தி வைத்தால் துண்டு சரியும். கரண்டு போனால் இன்னும் மோசம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடு முழுவதும் இருண்டது. ஃப்ரீசரை நம்பி ஒரு பண்டம் செய்யும்போது இதெல்லாம் கணக்கில் வரும்.

எள்ளுருண்டைக்கு இந்தப் பயம் இல்லை. ஒரு கோப்பை எள்ளைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். முக்கால் கோப்பை பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எள்ளை மட்டும் உரலில் இடித்தால் பொடி மெல்ல மெல்லக் கருத்து, உலக்கை நுனியில் எண்ணெய் மினுங்கும். அப்புறம் பேரீச்சை, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. கையில் ஒட்டாமல் திரண்டு வரும்போது உருட்டலாம். பழம் காய்ந்திருந்தாலும் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், அந்த ஈரம்தான் பிறகு கெடுக்கும். உருகி ஓட இதில் உறைந்த எண்ணெய் இல்லை, புளித்துப்போக ஈரமும் இல்லை. மூடிய டின்னில் வெளியிலேயே ஒரு கிழமை நன்றாக இருக்கும். அதற்கு மேல் எங்கள் வீட்டில் மிஞ்சியதில்லை. இடித்த எள்ளில் நாட்பட்டால் பழைய எண்ணெய் மணம் வரும் என்பதால் நிறையச் செய்து வைக்கவும் மாட்டேன்.

காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வரை கொண்டுபோனாலும் உருண்டை உருண்டையாகவே போய்ச் சேரும். அங்கே பெரியம்மா ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "அடுப்பு வைக்காமலோ பிள்ளை செய்தனீ?" என்று கேட்டு இரண்டாவதை எடுத்தா.

குறையும் உண்டு. எள்ளு வறுபடும் வாசம் இதில் கிடையாது, பச்சை எள்ளில் ஒரு மெல்லிய கசப்பும் இருக்கும். தேசிக்காய்த் தோலைக் கொஞ்சம் சீவிப் போட்டால் அது சரியாகும். கித்துள் பாணியும் சர்க்கரையும் காய்ச்சியவை என்பதால் சேர்க்க முடியாது. தேங்காய்ப்பூவில் பிரட்டுவதென்றால் சாப்பிடும் நேரத்தில் மட்டும் பிரட்டுங்கள், வைத்தால் பின்னேரத்துக்குள் புளித்துவிடும். நீரிழிவுக்காரர் கவனம்: பேரீச்சையும் சீனிதான். சிறிதாக உருட்டி ஒன்றோடு நிறுத்துவது நல்லது.

கேக்கை நான் அடியோடு விடவில்லை. வீட்டிலேயே வெட்டி உடனே சாப்பிடும் பிறந்தநாளுக்குச் செய்வேன், ஃப்ரீசரிலிருந்து எடுத்த பத்து நிமிடத்துக்குள் எல்லோர் தட்டுக்கும் போய்விட வேண்டும். யாருக்கும் கொடுத்தனுப்ப, பள்ளிக்கூடப் பெட்டியில் வைக்க, உருண்டைதான். அவகாடோவில் கொக்கோ கலந்து செய்யும் புடிங்கும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதை நான் அதிகம் செய்ததில்லை. டிஹைட்ரேட்டர் என்ற உலர்த்தும் கருவி வைத்துச் செய்யும் பிஸ்கட் வகைகளைத் தொட்டதே இல்லை. அதனால் அந்த இரண்டையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.