சிலிக்கன் கன்: பல்லுக் கம்பியா, வழுக்குக் கம்பியா?

அறைகளுக்கு ரைல்ஸ் பதித்து முடிந்து, சுவரடியில் மரச்சட்டம் பொருத்த வேண்டிய கட்டத்தில்தான் இந்தக் கேள்வி வந்தது. ஆணி அடித்தால் பூச்சு உதிர்கிறது, ட்ரில் போட்டால் வீடெல்லாம் தூசு. சரி, கட்டுமானப் பசையே போடுவோம் என்று முடிவாயிற்று. பசையில் பெரிய குழப்பம் இல்லை. அதை ரியூப்பிலிருந்து தள்ளுகிற சிலிக்கன் கன்னில்தான் விஷயம் இருக்கிறது. நான் வாங்கியது வழுக்குக் கம்பிக் கன். ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஹாட்வெயார் கடையில் கன் கேட்டால் பெரும்பாலும் முதலில் கையில் தருவது பல்லுக் கம்பிதான். கம்பியின் ஒரு பக்கம் முழுக்க வாள் போல பல் வெட்டியிருக்கும். விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு பல்லாக முன்னே போகும். மலிவு, பாரமில்லை. மற்றது வழுக்குக் கம்பி, அதில் பல் இல்லை. கைபிடியின் பின்பக்கத்தில் இருக்கும் சின்னத் தகடு சரிந்து நின்று கம்பியைக் கவ்விப் பிடிக்கும். விலை கூட. இரண்டிலும் ஏறுவது அதே 300 மி.லீ. ரியூப்தான்.

வித்தியாசம் தெரிவது பசை வரும்போது அல்ல, அதை நிறுத்தும்போது. விசையை விட்டாலும் ரியூப்புக்குள் அமுக்கம் அப்படியே நிற்கிறது. அழுத்தத்தில் லேசாக உப்பிய பிளாஸ்ரிக் மெல்லச் சுருங்கும், உள்ளே அகப்பட்ட காற்று விரியும், பசை மூக்கால் வந்துகொண்டே இருக்கும். பல்லுக் கம்பியில் அமுக்கத்தை விடுவிக்க, கம்பியின் பின் கொக்கியைப் பிடித்துப் பல் மேலே வரும்படி திருப்பிக் கொஞ்சம் இழுக்க வேண்டும். ஒவ்வொரு கோடு முடியும்போதும் இதே வேலை. ஒரு கையில் கன், மறு கையில் ஆறடி மரச்சட்டம். திருப்புவதற்கு மூன்றாவது கை வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்த தச்சர், கடனாக வாங்கிய பல்லுக் கம்பியோடு நான் நின்றபோது, “தம்பி, உதைத் திருப்பாட்டி ஒழுகும்” என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு விரல் நீளத்துக்குப் பசை புது ரைல்ஸில் விழுந்துவிட்டது. ரைல்ஸின் பளபளப்பில் விழுந்ததைத் துடைத்துவிடலாம். இடுக்குச் சாந்துக்குள் இறங்கியதை எடுப்பதுதான் பாடு.

வழுக்குக் கம்பியில் கன் பிடித்திருக்கும் கையின் பெருவிரலாலேயே பின் தகட்டை அமுக்கினால் போதும், கம்பி தளர்ந்துவிடும். ‘ட்ரிப்லெஸ்’ (சொட்டாதது) என்று போட்டு வருவதில் அந்த வேலையும் இல்லை. விசையை விட்டவுடன் கம்பி தானாகவே சற்றுப் பின்வாங்கும். அதற்காகச் சொட்டே விழாது என்று நினைக்காதீர்கள். மூக்கு நுனியில் ஒரு மணி அளவு நிற்கும், பழைய துணியால் துடைத்தால் சரி. சித்திரை, வைகாசியில் ரியூப்பை முற்றத்து வெயிலில் வைத்துவிட்டு எடுத்தால் பசை இளகி இன்னும் தாராளமாக ஓடும். நம்மூர் வெக்கையில் இந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் காசைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

பெட்டியில் 10:1, 18:1, 26:1 என்று ஏதாவது அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கை கொடுக்கும் பலத்தைக் கன் எத்தனை மடங்காக்குகிறது என்ற கணக்கு அது. குளியலறைச் சிலிக்கனுக்கு 10:1 தாராளம். கட்டுமானப் பசை அதைவிடத் தடிப்பு. மெல்லிய தகட்டுக் கன்னில் போட்டு நெரித்தால் கன்னின் சட்டம் வளையும், சில வேளை ரியூப்பின் அடிமூடியைத் தாண்டிப் பசை பின்பக்கமாகவும் பிதுங்கும். என்னுடையது 18:1. இலக்கம் கூடினால் ஒரு அழுத்தலுக்குக் கம்பி நகரும் தூரம் குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள். இளகிய சிலிக்கன் அடிப்பவருக்கு அது வீண் அலுப்பு.

பல்லுக் கம்பிக்கும் ஒரு நியாயம் உண்டு. அழுக்கு, காய்ந்த பசை, கொஞ்சம் துரு எதற்கும் அது பெரிதாக அசராது. வழுக்குக் கம்பியில் பசை காய்ந்து ஒட்டினால் தகடு கவ்வாது. எண்ணெய் பூசினாலும் வழுக்கும், ஆகவே அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வேலை முடிந்ததும் கம்பியைத் துடைத்து உலர்வாக வைத்தால் போதும். யாழ்ப்பாணக் கரையோரம் குருநகர், நாவாந்துறைப் பக்கம் கடற்காற்றில் அது எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். என் வீடு கடலுக்குத் தள்ளி இருக்கிறது.

எந்தக் கன்னாலும் சரிப்படுத்த முடியாதது ஒன்று உண்டு, அது சுவர். பழைய கல்வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி ஒட்டினால் பசை பிடிக்கப்போவது சுவரை அல்ல, அந்தப் பொடியை. கம்பித் தூரிகையால் கெட்டியான இடம் வரும்வரை சுரண்டுங்கள். வரவில்லையென்றால் ஸ்குறூவும் பிளக்கும்தான். முகம் பார்க்கும் கண்ணாடி ஒட்டுகிறவர்கள் வினாகிரி மணக்கும் சிலிக்கனைத் தொட வேண்டாம், பின்பக்க ரசத்தை அரித்துவிடும்.

வருடத்தில் ஒருமுறை சிங்க் ஓரத்தை அடைக்க மட்டும் என்றால் மலிவானதையே வாங்குங்கள். மரச்சட்டம், சீலிங் ஓரம், கதவுப்படி என்று வேலை வரிசையாக இருந்தால் வழுக்குக் கம்பி. கடையிலேயே விசையைச் சில தடவை அழுத்திவிட்டு, தகட்டைத் தொடாமல் கம்பியைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். ட்ரிப்லெஸ் கன் என்றால் கொஞ்சம் அசையும், அது இயல்பு. தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அதை வைத்துவிட்டு வேறொன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள்.