டிராக்டர் கொட்டகை: நீளப் பக்கம் திறப்பதா, குறுகிய பக்கம் கதவு வைப்பதா?

டிராக்டருக்குக் கொட்டகை போடப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "எத்தனை அடிக்கு எத்தனை அடி?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எந்தப் பக்கம் திறக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்பேன். ஒரே பரப்பு, ஒரே தகரம், ஒரே இரும்பு என்றாலும், திறப்பு மாறினால் கொட்டகையின் உழைப்பே மாறிவிடும்.

40 அடி நீளம், 20 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகையில் 20 அடிப் பக்கத்தில் ஒரு பெரிய கதவு, உள்ளே 40 அடி ஆழம். இரண்டாவது வகையில் 40 அடிப் பக்கம் முழுக்கத் திறந்திருக்கும், மற்ற மூன்று பக்கமும் அடைப்பு. முன்பக்கத் தூண்களுக்கு நடுவே ஏறக்குறைய 13 அடி வீதம் மூன்று கட்டம் கிடைக்கும்.

முதல் வகையில் சில வருஷம் பழகியிருக்கிறேன். உழவு முடிந்ததும் வட்டத் தட்டுகள் உள்ள சட்டிக்கலப்பையைக் கடைசியில் கொண்டுபோய் விட்டோம். அதற்கு முன்னால் கொத்துக்கலப்பை, அப்புறம் சுழன்று மண்ணைத் தூளாக்கும் ரோட்டவேட்டர், வாசலை ஒட்டி டிரெய்லர். அடுத்த சாகுபடிப் பட்டத்துக்கு முதலில் தேவைப்பட்டது சட்டிக்கலப்பை. டிரெய்லரை இழுத்து வெளியே விட்டு, ரோட்டவேட்டரை மாட்டி வெளியே கொண்டுவந்து கழற்றி, கொத்துக்கலப்பையை மாட்டிக் கழற்றி, அதற்கப்புறம்தான் சட்டிக்கலப்பையைத் தொட முடிந்தது. காலையில் பாதி அதிலேயே போய்விட்டது. அதைவிட மோசம், அதற்குப் பின் வந்த பழக்கம். வெளியே வந்த கருவியைத் திரும்ப உள்ளே வைக்க யாருக்கும் கை வரவில்லை. கொட்டகை இருந்தும் ரோட்டவேட்டர் இரண்டு மழைக்காலம் வெளியிலேயே நனைந்தது.

கருவியை டிராக்டரில் மாட்டுகிற வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். டிராக்டரைப் பின்னால் கொண்டுவந்து, கருவியைத் தாங்கும் இரண்டு கைகளில் இடது லிங்க்கை மாட்டினால், வலது பக்கம் இணைப்பு ஊசி (பின்) போகும் ஓட்டை இரண்டு விரல் தள்ளி நிற்கும். பல நூறு கிலோ எடையுள்ள ரோட்டவேட்டரைக் கையால் நகர்த்த முடியாது. பக்கவாட்டில் நின்று கடப்பாரையால் நெம்ப வேண்டும். இல்லை, டிராக்டரை ஒரு முழம் முன்னே எடுத்து மறுபடி நேராக வர வேண்டும். அதற்கப்புறம் கருவியை மேலே பிடிக்கும் டாப் லிங்க், எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட். இதற்கெல்லாம் நேரான வழியும் இரண்டு பக்கம் ஆள் நிற்க இடமும் வேண்டும். நீளப் பக்கம் திறந்த கொட்டகையில் ஒவ்வொரு கருவிக்கும் நேர் வழி உண்டு. 45 குதிரைத்திறன் டிராக்டர் ஏறக்குறைய 11, 12 அடி நீளம். பின்னால் ரோட்டவேட்டர் ஒரு நாலு அடி. மாட்டியபடியே 20 அடி ஆழத்துக்குள் நின்றுவிடும், சுற்றி நடக்கவும் இடம் மிஞ்சும்.

திறந்த முகப்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். சாரல் வரும், தூசி வரும், பறவை கூடு கட்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கதி காற்று. திறந்த பக்கம் வழியே நுழையும் காற்று வெளியேற வழியில்லாமல் கூரையைக் கீழிருந்து முட்டும். அதே நேரம் மேலே ஓடும் காற்று கூரையை உறிஞ்சித் தூக்கும். இரண்டும் சேர்ந்தால் தகரம் மட்டுமல்ல, தூணோடு பிடுங்கிக்கொண்டு போகும். அதனால் தூணின் கடைக்காலில் சிக்கனம் பார்க்கவே கூடாது. தகரத்தை இறுக்கும் போல்ட்டுகளும் ஓரங்களில் நெருக்கமாக இருக்க வேண்டும். மழைக்காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறதோ அதற்கு முதுகைக் காட்டி நிற்கட்டும் கொட்டகை. முன்பக்கம் கூரையை மூன்று அடி நீட்டிவிட்டால் சாரலில் பெரும்பகுதி நின்றுவிடும்.

திருட்டு பயம் இருக்கிறதே என்றால், அது நியாயமான பயம்தான். ஆனால் சட்டிக்கலப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு யாரும் போவதில்லை. போவது பேட்டரி, டாப் லிங்க், பின்கள், பி.டி.ஓ. ஷாஃப்ட், டீசல். ஆகவே என் தேர்வு இந்த இரண்டும் கலந்தது: இரண்டு கட்டம் திறந்திருக்கட்டும், ஒரு கட்டத்தை மட்டும் அடைத்துக் கதவு போட்டு டிராக்டரை அதில் விடலாம். சின்னச் சாமான்களும் அங்கேயே பூட்டுக்குள் இருக்கும். அடைத்த கட்டத்திலும் மேலே காற்றுப்போக்கி கட்டாயம். கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டால் அந்தப் புகை ஆளையே கொன்றுவிடும்.

கதவு என்று வந்துவிட்டால் மூன்று வகை. இரண்டு இறக்கைக் கதவு செய்வது சுலபம், ஆனால் ஆறு அடி இறக்கை நாளடைவில் தொங்கித் தரையை உரசும், காற்றில் அறையும். சுருள் ஷட்டர் இடம் அடைக்காது, ஆனால் சுருளும் உருளையைத் திறப்புக்குள் வைத்தால் உயரத்தில் ஒரு அடிக்கு மேல் தின்றுவிடும். மேலே தண்டவாளத்தில் தொங்கி நகரும் தள்ளு கதவுதான் எனக்குப் பிடித்தது. கதவு எவ்வளவு அகலமோ அவ்வளவு சுவர் பக்கத்தில் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கதவானாலும் தெளிவான திறப்பு 12 அடி அகலம், 10 அடி உயரத்துக்குக் குறையாமல் வையுங்கள். டிராக்டரின் பானெட்டை அளந்தால் போதாது. நிமிர்ந்து நிற்கும் சைலன்சர், கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவு, மேல்கூரை ஆகிய மூன்றில் எது உயரமோ அதுதான் கணக்கு.

பழைய கப்பல் கண்டெய்னரை வாங்கிப் போட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வாங்கும் முன் வாசலை அளந்து பாருங்கள். சாதாரண கண்டெய்னரின் கதவுத் திறப்பு சுமார் 2.34 மீட்டர் அகலம், 2.28 மீட்டர் உயரம். பாதுகாப்பு வளைவு உள்ள நடுத்தர டிராக்டர் பல நேரம் 2.4 மீட்டரைத் தாண்டும், ஆகவே நுழையவே நுழையாது. உயரம் கூடிய ரகத்தில் நுழைந்தாலும் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளிதான், இறங்க இடமிருக்காது. கருவிகளையும் சாமான்களையும் பூட்டி வைக்க மட்டும் அது நல்லது. இரண்டு கண்டெய்னரை எதிரெதிரே 16 அடி தள்ளி வைத்து நடுவில் கூரை போட்டால், அது தனி அழகான ஏற்பாடு. அங்கேயும் கூரையைக் காற்றுக்குத் தாங்கும்படி கட்ட வேண்டும்.

அடுத்தது தரை. கூரையைவிட இதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். வெறும் மண் தரை வேண்டவே வேண்டாம். ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும், கொழுவும் சட்டியும் அடியிலிருந்து துருப்பிடிக்கும். மிச்சம் இரண்டு: கெட்டித்த கிராவல், கான்கிரீட். சுற்றியுள்ள நிலத்தைவிட ஒரு அடி உயர்த்தி, திம்மிசு போட்டு இடித்த கிராவல் தரை கருவிகளுக்குப் போதும். இரும்பு முனை குத்தினாலும் கவலையில்லை. ஆனால் டிராக்டருக்கு அடியில் படுத்து வேலை பார்க்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் வேண்டும். ஜாக்கி சாயாமல் நிற்கும், கை நழுவிய நட்டு கண்ணில் படும், கசியும் எண்ணெய் எந்த இடத்திலிருந்து சொட்டுகிறது என்று தெரியும். ஆறு அங்குல கனம், அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, வாசலை நோக்கி லேசான சரிவு. அந்த விரிப்பு இல்லாவிட்டால் கான்கிரீட்டும் ஈரம் கசியும். மூன்று கட்டத்துக்கும் கான்கிரீட் போடக் கையில் பணம் இல்லையென்றால் அடைத்த கட்டத்துக்கு மட்டும் போடுங்கள். எந்தத் தரையானாலும் கலப்பையைப் பலகை மேல் இறக்கி வையுங்கள். ஹைட்ராலிக்கில் தூக்கியபடி விட்டுப் போகாதீர்கள்.

கூரைக்குத் தகரமே போதும். சிமெண்டுத் தகடு மலிவு என்றாலும் கருவி இடித்தால் உடையும், ஓட்டுக் கூரைக்கு மரச்சட்டம் அதிகம் வேண்டும். தகரத்தின் குறை ஒன்றுதான்: குளிர்ந்த இரவில் அடிப்பக்கம் வியர்த்து விடிகாலையில் சொட்டும். சரிவு நன்றாக இருந்து, முகட்டில் காற்று போக வழியும் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இடம் மிச்சமிருக்கிறதே என்று உர மூட்டையை இதே கொட்டகையில் அடுக்காதீர்கள். உரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும், அந்தக் கசிவு இரும்பை அரிக்கும் வேகம் மழையைவிட அதிகம். வைக்கோலும் வேண்டாம். சூடான எஞ்சினும் காய்ந்த வைக்கோலும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கக் கூடாது.

தூண் குழி தோண்டும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். தரையில் சுண்ணாம்புத் தூளால் கொட்டகையை முழு அளவில் கோடு போடுங்கள். தூண் வரும் இடத்தில் கம்பு நடுங்கள். இருக்கிற கருவி அத்தனையையும் கொண்டுவந்து அதனதன் கட்டத்தில் இறக்கி, ஒவ்வொன்றாக மாட்டி வெளியே எடுத்துப் பாருங்கள். திரும்பும்போது முன் சக்கரம் தப்பிவிடும், பின்னால் மாட்டியிருக்கும் அகலமான கருவிதான் கம்பைச் சாய்க்கும். சாய்ந்த கம்பை ஒரு அடி தள்ளி நட்டு இன்னொரு தரம் ஓட்டுங்கள்.