கர்ப்பிணி மாணவியின் கடன்: வட்டி விகிதத்தைவிடத் தவணை விழும் மாதம் முக்கியம்

கல்லூரிப் படிப்பு முடிவதற்குள் திருமணமாகிக் கருவுற்ற ஒரு பெண்ணுக்குப் பணம் தேவைப்படும்போது, வீட்டில் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, வட்டி எவ்வளவு என்பதுதான். அந்தக் கேள்வி தவறானதன்று. ஆனால் அவளுடைய நிலையில் அது இரண்டாவது கேள்வியாகத்தான் இருக்க வேண்டும். முதல் கேள்வி, தவணை எந்த மாதத்தில் விழுகிறது என்பது. எட்டாம் மாதத்தில் டியூஷன் எடுப்பதை நிறுத்திவிட்டுத் தாய் வீட்டுக்குப் போகிறவளுக்கு, குழந்தை பிறந்து மூன்று நான்கு மாதங்கள் ஆகும்வரை சொந்த வருமானம் என்று எதுவும் இருக்காது. அந்த இடைவெளிக்குள் தவணை வராத கடன், வட்டி சற்றுக் கூடுதலாக இருந்தாலும், அவளால் சமாளிக்கக்கூடிய கடன். தமிழ்நாட்டில் இத்தகைய மாணவிக்கு எட்டக்கூடிய வழிகளை இந்த அளவுகோலைக் கொண்டே இங்கே ஒப்பிடுகிறேன்.

கடன் வாங்கும் முன், வாங்க வேண்டிய தொகையைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது நல்லது. பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதே இதில் மிகப் பெரிய முடிவு. 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் சுகப் பிரசவம், அறுவைசிகிச்சை, மருந்து, பரிசோதனை, தேவைப்பட்டால் இரத்தம், தங்கியிருக்கும் நாட்களுக்கான உணவு, வீட்டுக்குத் திரும்பும் வாகனம் ஆகிய அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் தனி அறையும், தெரிந்த மருத்துவரும், காத்திருக்கத் தேவையில்லாத வசதியும் கிடைக்கின்றன. அந்த வசதிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அறுவைசிகிச்சை தேவைப்பட்டுவிட்டால் அங்கே கட்ட வேண்டிய தொகை, இந்தக் கட்டுரையில் பேசப்படும் மற்ற எல்லாத் தொகைகளையும் விழுங்கிவிடும். கையில் சேமிப்பு இல்லாத மாணவி கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்குப் போவதை என்னால் பரிந்துரைக்க முடியாது. மாதாந்தரப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்துகொண்டு, சிக்கல் ஏதேனும் தென்பட்டால் அங்கிருந்தே பெரிய அரசு மருத்துவமனைக்கு மாற்றப்படும் ஏற்பாடு தமிழ்நாட்டில் பல மாநிலங்களைவிட உறுதியாகவே இருக்கிறது.

அரசு உதவித்தொகையை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் கணக்கில் பிசகுவது இரண்டு இடங்களில். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் மொத்த மதிப்பு 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் பணமாகவும், 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வருகிறது. மத்திய அரசின் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் இதனோடு இணைக்கப்பட்டுள்ளதால், 18,000 தனி, 5,000 தனி என்று கூட்டிக்கொள்ளக் கூடாது. அடுத்ததாக, இந்தப் பணம் ஒரே நாளில் வருவதில்லை. தவணைகளாகப் பிரிந்து, ஒரு பகுதி குழந்தை பிறந்த பின்புதான் வருகிறது. ஆகவே இதை மருத்துவமனைக்குப் போகும் நாளின் செலவுக்கு நம்ப முடியாது. ஏற்கெனவே வாங்கிய கடனைப் பின்னால் அடைப்பதற்கு நம்பலாம். 19 வயது நிறைவு, வறுமைக்கோட்டு வரம்பு, முதல் இரண்டு பிரசவங்கள் என்னும் நிபந்தனைகள் உண்டு. 12 வாரங்களுக்குள் கிராம அல்லது நகர்ப்புற சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து, பிக்மி எண் எனப்படும் அரசின் கர்ப்பப் பதிவு எண்ணைப் பெற்றுவிட வேண்டும். அந்த எண் பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்கப்படும் என்பதால், கல்லூரித் தேர்வு முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போடுவதில் பயனில்லை.

இத்தனைக்குப் பிறகும் 30,000 ரூபாய் பற்றாக்குறை நிற்கிறது என்றும், நான்காம் மாதத்தில் அதைக் கடனாகத் திரட்ட வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம்.

நகைக்கடனும் நுண்கடனும்

வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகையை வைத்து, ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில், ஓராண்டு முடிவில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் முறையில் வாங்கினால், கட்ட வேண்டியது 33,000 ரூபாய். பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஈடு கேட்காமல் சிறு கடன் தரும் நுண்கடன் நிறுவனத்தில், குறைந்துவரும் அசலுக்கு 24 சதவீத வட்டியில் 12 மாதத் தவணைக்கு வாங்கினால், மாதம் ஏறத்தாழ 2,837 ரூபாய் வீதம் மொத்தம் 34,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். வட்டி விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல் என்றாலும், கையிலிருந்து போகும் தொகையில் வேறுபாடு சுமார் ஆயிரம் ரூபாய்தான். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதே அதற்குக் காரணம். இந்த ஆயிரம் ரூபாயை மட்டும் பார்க்கிறவர்கள், நகையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு குழுக்கடன் வாங்கிவிடலாமே என்று நினைப்பது இயல்பு.

காலண்டரை வைத்துப் பார்த்தால் காட்சி மாறுகிறது. நான்காம் மாதத்தில் வாங்கிய நுண்கடனுக்கு ஐந்தாம் மாதத்தில் தவணை தொடங்குகிறது. ஐந்தாறு தவணைகள் கட்டுவதற்குள் பிரசவம் வந்துவிடும். மிச்சமுள்ள பாதித் தவணைகள் கைக்குழந்தையோடு இருக்கும் மாதங்களில் விழும். பல நிறுவனங்களில் வசூல் வாரந்தோறும் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. காலையில் ஓர் உறுப்பினரின் வீட்டு வாசலில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, வசூலுக்கு வந்தவர் அட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கிக் குறித்துக்கொண்டே போவார். ஒருத்தியின் பணம் வரவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. பிரசவித்து இருபது நாளான பெண்ணின் வீட்டுக்குக் குழுத் தலைவியே வந்து நிற்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது. அந்தத் தலைவியைக் குறை சொல்லவும் முடியாது. அவளும் அதே கடனில் இருப்பவள்தான்.

நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு வகுத்த விதிகள் கடன் வாங்குகிறவருக்குச் சில பாதுகாப்புகளைத் தருகின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஈடு இல்லாமல் தரப்படும் இக்கடனில், வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் விதிக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தவணை கேட்டு அழைக்கக் கூடாது. இந்த விதிகள் தேவையானவை. ஆனால் தவணை விழும் மாதத்தை அவை மாற்றிக் கொடுப்பதில்லை.

நகைக்கடனில் கெடு முடியும்போது குழந்தைக்கு ஆறேழு மாதம் ஆகியிருக்கும். மகப்பேறு நிதியின் பெரும்பகுதி அதற்குள் கணக்குக்கு வந்திருக்க வாய்ப்புண்டு. இடையில் கையில் ஐந்நூறோ ஆயிரமோ மிஞ்சும் மாதத்தில் அதைப் பகுதித் தொகையாகக் கட்டவும், இல்லாத மாதத்தில் எதுவும் கட்டாமலிருக்கவும் இயலும். நான் நகைக்கடனையே முதலிடத்தில் வைப்பதற்கு இந்த நெகிழ்வுதான் காரணம்.

அதற்கென்று குறைகள் இல்லாமல் இல்லை. ஓராண்டு முடிவில் மொத்தத் தொகையைக் கட்ட முடியாதவர்கள் மறு அடகு வைப்பது வழக்கம். புதுப்பிக்க வேண்டுமானால் சேர்ந்த வட்டியையாவது கட்டியாக வேண்டும். தனியார் நிதி நிறுவனங்கள் சிலவற்றில் விளம்பரப் பலகையில் காணப்படும் குறைந்த வட்டி, மாதாமாதம் வட்டியைத் தவறாமல் கட்டுகிறவர்களுக்கு மட்டுமே உரியது. மூன்று மாதம் விட்டுவிட்டால் விகிதம் படிப்படியாக ஏறிவிடும். கட்டாமலிருக்கும் வசதிக்காகவே நகைக்கடனை நாடும் மாணவிக்கு அத்தகைய திட்டம் முற்றிலும் பொருந்தாது. கையெழுத்திடும் முன் இந்த ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, 2026 ஏப்ரல் முதல், இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கடன் தரலாம். அதிகம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மேல் வாங்குவது, மீட்கும் நாளைத்தான் தள்ளிவைக்கும்.

இன்னொரு தடை பணத்தைப் பற்றியதன்று. வளைகாப்பு நடக்கும் ஏழாம் மாதத்தில் அவள் கழுத்தில் நகை இல்லையென்றால் உறவினர்கள் என்ன நினைப்பார்கள் என்ற அச்சம், எத்தனையோ வீடுகளில் நகையைப் பீரோவில் வைத்துவிட்டு அதிக வட்டிக்குக் கடன் வாங்க வைக்கிறது. வளைகாப்பைச் சிறியதாக நடத்துவதில் தாய்க்கோ குழந்தைக்கோ எந்தக் குறையும் வந்துவிடாது என்பதை வீட்டுப் பெரியவர்கள் அவள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவள் அவள் அல்லள்.

மகளிர் சுயஉதவிக் குழு

நகையே இல்லாதவர்களுக்கு, அம்மாவோ மாமியாரோ உறுப்பினராக உள்ள சுயஉதவிக் குழுவின் உள்கடன், அதாவது குழு தன் சொந்த நிதியிலிருந்து உறுப்பினருக்குத் தரும் கடன், அடுத்த நல்ல வழி. பல குழுக்களில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. அந்த வட்டியும் குழுவின் பொது நிதிக்கே திரும்பிச் செல்கிறது. நிறுவனத்தின் நுண்கடனுக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு, கூட்டத்தில் பேசி, பிரசவ மாதங்களுக்குத் தவணையை நிறுத்திவைக்கத் தீர்மானம் எழுதிக்கொள்ள முடியும் என்பதுதான். தொகை சிறியதாக இருக்கும் என்பதும், கடன் மாணவியின் பெயரில் இல்லாமல் வீட்டு மூத்த பெண்ணின் பெயரில் நிற்கும் என்பதும் இதன் எல்லைகள். மாமியார் பெயரில் வாங்கிய கடனை யார் எவ்வளவு கட்டுவது என்பதை வாங்கும் நாளிலேயே ஒரு நோட்டில் எழுதி வைப்பது, பின்னால் பல மனக்கசப்புகளைத் தவிர்க்கும்.

ஒதுக்க வேண்டியவை

நாள்தோறும் வசூலிக்கப்படும் தண்டல் கடனில் 10,000 ரூபாய்க்குக் கையில் கிடைப்பது பெரும்பாலும் 8,500. நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் கட்ட வேண்டும். பார்ப்பதற்கு 1,500 ரூபாய் வட்டிபோலத் தோன்றும் இது, நாளுக்கு நாள் அசல் குறைவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம். பத்து வட்டியில், அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டியில், 30,000 வாங்கினால் ஓராண்டில் வட்டி மட்டும் 36,000 போன பிறகும் அசல் அப்படியே நிற்கும். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது; மிரட்டல் வந்தால் காவல் நிலையத்துக்குப் போக அவளுக்கு உரிமை உண்டு. கைப்பேசிச் செயலிகளில் ஏழு நாள், பதினைந்து நாள் கடன் தருபவை இதைவிட மோசமானவை. தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் செயலி, ரிசர்வ் வங்கியின் விதியை அந்த இடத்திலேயே மீறுகிறது. அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

வீட்டுக் கட்டணங்களில் எதைத் தள்ளலாம்

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகும் காலத்தில் இரண்டு வீடுகளின் செலவு ஒன்றாக ஓடுகிறது. வாடகை, மின்கட்டணம், எரிவாயு, கைப்பேசி ஆகியவற்றுள் முதலில் கட்ட வேண்டியது மின்கட்டணம் என்பேன். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள், மீண்டும் இணைக்கத் தனிக் கட்டணம் உண்டு. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் உரிமையாளர் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று தாமே வசூலித்தால் அந்தச் சலுகை வாடகைதாரரைச் சேர்வதில்லை. தனி இணைப்புள்ள வீடு மாதம் முந்நூறு ரூபாய் வாடகை கூடுதலாக இருந்தாலும், முன்பு கட்டிய கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வாடகையைப் பொறுத்தவரை, கொடுத்த முன்பணத்தில் ஓரிரு மாதங்களைக் கழித்துக்கொள்ளும்படி உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசுவது, அதற்காகப் புதிய கடன் வாங்குவதைவிட மேலானது. அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சத்துமாவையும், நியாயவிலைக் கடை அரிசியையும் கூச்சமின்றி வாங்க வேண்டும். புதுமணத் தம்பதிகள் பெற்றோர் குடும்ப அட்டையிலிருந்து பெயர் நீக்கிப் புது அட்டைக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடுவதே அரிசி வாங்குவதற்குப் பெரும்பாலும் தடையாகிறது.

படிப்பைத் தொடர்வதா, ஓராண்டு நிறுத்துவதா

இது உடல்நிலையைப் பொறுத்த முடிவு. ஆனால் கல்விக்கடன் வாங்கியவளுக்கு இதில் பணமும் கலந்திருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அந்தக் காலத்துக்குத் தனிவட்டி மட்டுமே கணக்கிடப்படும். படிப்பைத் தொடர்ந்தால் இந்தச் சலுகை அப்படியே நீடிக்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில், இளங்கலை, முதுகலை மாணவியருக்கும் மகப்பேறு விடுப்பும் வருகைப்பதிவுத் தளர்வும் தருவதற்கு விதிகள் வகுக்குமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. ஆகவே வருகைப்பதிவு குறைவதை மட்டும் காரணமாக வைத்து நிறுத்தம் கேட்பதற்கு முன், துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் தளர்வு கேட்க வேண்டும்.

நிறுத்தத்தான் வேண்டும் என்றால், செய்ய வேண்டிய முதல் வேலை வங்கிக்குக் கடிதம் கொடுப்பது. உரிய காலத்தில் படிப்பை முடிக்க இயலாதபோது இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிப்பு வழங்க மாதிரித் திட்டம் இடமளிக்கிறது. ஆனால் கேட்காதவருக்கு வங்கியின் கணினி பழைய முடிவுத் தேதியையே வைத்துத் தவணையைத் தொடங்கிவிடும். கணக்கு வாராக்கடனாகி, கடன் மதிப்பெண் சரிவது இப்படித்தான். மத்திய அரசின் வட்டி மானியம் பெறுகிறவள், இடையில் படிப்பை விட்டால் மானியத்தை இழப்பாள்; மருத்துவக் காரணம் என்று கல்வி நிறுவனத் தலைவர் ஏற்கும் ஆவணம் இருந்தால் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. எனவே மருத்துவச் சான்றிதழ், கல்லூரியின் இடைநிறுத்த அனுமதி, மீண்டும் சேரும் பருவம் குறிப்பிடப்பட்ட கடிதம் ஆகிய மூன்றையும் இணைத்து வங்கிக் கிளையில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். கிளையில் வாய்ச்சொல்லாகத் தரப்படும் உறுதிமொழி, மேலாளர் மாற்றலாகிப் போனதும் செல்லாது. இந்த வேலையை எட்டாம் மாதத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. அதன் பிறகு வங்கி வரிசையில் நிற்க அவளால் முடியாது, அவள் சார்பில் வேறொருவர் போனால் கிளையில் எல்லா விவரமும் சொல்ல மாட்டார்கள்.