வீட்டுக்காரர் போய்விட்டார், வீடு யாருக்கு?

தமிழில் ‘வீட்டுக்காரர்’ என்றால் கணவரும்தான், ஹவுஸ் ஓனரும்தான். முதலாமவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், அடுத்த மாதமே இரண்டாமவர் வந்து கதவைத் தட்டுவார். வேளச்சேரியில் என் சித்தி மகளுக்கு அப்படித்தான் ஆனது. “சார் ஊர்ல இல்லையாம்மா?” என்று ஆரம்பித்தார் ஓனர். வாடகை ஒப்பந்தம் அவள் கணவர் பெயரில் இருந்தது. அட்வான்ஸுக்காக அடகுக்குப் போனது அவளுடைய நாலு வளையல், ரசீது மட்டும் அவர் பெயரில். அவளுக்காக அன்று நான் அலசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் செய்வது, ஒன்றும் சொல்லாமல் அப்படியே இருப்பது. மாதாமாதம் ஜிபேயில் வாடகையைப் போட்டுவிட்டு, ஓனர் கேட்டால் “வெளியூர் வேலை” என்று சமாளிப்பது. இது எத்தனை நாள் தாங்கும்? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தைப் புரட்டினால், வாடகைதாரர் இறந்துபோனால் மீதிக் காலத்துக்கு வாரிசுகள் தொடரலாம் என்று இருக்கிறது. விட்டுவிட்டுப் போனால்? அதற்கு அதில் வழி சொல்லவில்லை. செத்தவருக்கு ஒரு பிரிவு இருக்கிறது, ஓடிப்போனவருக்கு இல்லை.

இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தது 2005-இல் உச்ச நீதிமன்றம். பெங்களூரு வாடகை வீடு ஒன்றைப் பற்றிய வழக்கு. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கில் கணவர் ஒதுங்கிக்கொண்டால், கைவிடப்பட்ட மனைவி அவர் இடத்தில் நின்று வாதாடலாம் என்றது தீர்ப்பு. ஆனால் வாடகையை அவள் கட்ட வேண்டும், கணவருக்கு என்ன வாதம் உண்டோ அதற்கு மேல் அவளுக்கும் கிடையாது, கல்யாணமும் சட்டப்படி முறியாமல் இருக்க வேண்டும். அந்த வழக்குக்குக் காரணமான பெண்ணுக்கு அதற்குள் விவாகரத்தே ஆகிவிட்டிருந்தது. ஊருக்கெல்லாம் உரிமை வாங்கிக் கொடுத்த அவருக்கு அந்த வீடு கிடைக்கவில்லை.

ஆக, ஒப்பந்தம் முடிய நாலைந்து மாதம் இருந்தால், மூச்சு விட அவகாசம் வேண்டும் என்றால், இப்படி இருக்கலாம். ஆனால் வாடகை பாக்கி விழக் கூடாது. இரண்டு மாதம் நின்று, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாவிட்டால் காலி செய்யச் சொல்ல அதுவே போதும். தண்ணீரை, கரண்டை நிறுத்தி விரட்டப் பார்த்தால் பயப்பட வேண்டாம், அதை இதே சட்டம் தடுக்கிறது.

சரி, ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயரும் இருந்தால்? ‘அப்போ கவலையே இல்லை’ என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. உன்னை யாரும் ‘நீ யாரம்மா’ என்று கேட்க முடியாது, அது உண்மை. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். போனவரின் பாதி வாடகையும் இருப்பவர் தலையில்தான் விடியும். கட்டிவிட்டு அவரிடம் பங்கு கேட்கலாம், கேட்டு வாங்குவது வேறு கதை. போதாததற்கு, கூட்டு வாடகைதாரர்களில் ஒருவருக்கு நோட்டீஸ் சேர்ந்தாலே எல்லோருக்கும் சேர்ந்ததாகத்தான் நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அவர் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் உனக்குத் தெரியவே தெரியாது.

என் ஓட்டு, இருப்பவர் பெயரில் புது ஒப்பந்தம் போடுவதற்குத்தான். இதிலும் சிக்கல் உண்டு. ஓனர் சம்மதிக்க வேண்டும், ‘தனியா இருக்கிற பொம்பளைக்கு வீடு தர்றதில்லை’ என்று இழுப்பார், வாடகையில் ஆயிரம் ரெண்டாயிரம் ஏற்றுவார். ஏறட்டும். நிஜமான சண்டை அட்வான்ஸில்தான் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டு, ‘வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர’ என்றும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. சென்னை ஓனர்கள் அந்த வாசல் வழியாகத்தான் நடமாடுகிறார்கள். அதனால் புதிதாக இன்னொரு அட்வான்ஸ் கட்டுகிற பேச்சே வரக் கூடாது. போனவரிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும்: இன்ன தேதியோடு நான் வீட்டை விட்டு விலகுகிறேன், நான் கொடுத்த இத்தனை ரூபாய் முன்பணத்தை இன்னாருடைய ஒப்பந்தத்துக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதம். அதில் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் புது ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்கிவிட வேண்டும்.

போனவர் கையெழுத்துப் போட மறுத்தால், கோபம்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். ஆபீஸில் வாடகைப் படிக்கு இந்த வீட்டு ரசீதைத்தான் இன்னும் காட்டிக்கொண்டிருப்பார்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைக் கடைசி ஆயுதம் என்று பலர் தள்ளிவைக்கிறார்கள். 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டம், சேர்ந்து வாழ்ந்த வாடகை வீட்டையும் சேர்த்துத்தான் பேசுகிறது. தாலி கட்டாமல் கல்யாணம் மாதிரியான உறவில் வாழ்ந்தவர்களுக்கும் பொருந்தும். வீட்டு வாடகையைக் கட்டாமல் தவிக்கவிடுவதே பொருளாதார வன்முறை என்கிறது. அனுமதி இல்லாமல் அந்த வீட்டின் மேல் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் கணவருக்கு உத்தரவு போடலாம். ‘நான் காலி பண்றேன்’ என்று அவர் ஓனரிடம் சாவி கொடுக்கிற வித்தைக்கு இது பூட்டு. வாடகையைக் கட்டச் சொல்லலாம், அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவும் சொல்லலாம்.

ஆனால் இந்த உத்தரவு கட்டிப்போடுவது கணவரை. ஒப்பந்தம் முடிந்து ஓனர் வீட்டைக் கேட்டால் அவருடைய உரிமை அப்படியேதான் இருக்கும். அந்தக் கட்டத்தில் பழைய வீட்டைப் பிடித்துத் தொங்குவதைவிட மாற்று வீட்டுக்கான வாடகையைக் கேட்பது புத்திசாலித்தனம். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதை நம்பிக் காத்திருக்காமல், முதல் நாளே இடைக்கால உத்தரவு கேளுங்கள். மனைவி விட்டுப்போன ஆண்களுக்கு இந்தக் கதவு கிடையாது. அவர்கள் ஓனரோடு பேசித்தான் தீர வேண்டும்.

காலி செய்துவிட்டுப் போவதும் ஒரு வழிதான், அம்மா வீடு பக்கத்தில் இருந்தால் அதில் தப்பே இல்லை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக முன்பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது விதி. யாரிடம்? ஒப்பந்தத்தில் யார் பெயரோ அவரிடம். எனவே உன் கணக்கில் எவ்வளவு வரும் என்பதை எழுதி வாங்கிய பிறகே சாவி.

என் தங்கை புது ஒப்பந்தம்தான் போட்டாள். வாடகை 1,500 ஏறியது. கடிதத்தில் கையெழுத்துப் போட அவள் கணவர் அட்வான்ஸில் பாதி கேட்டார். அடகுக் கடைச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், பேனா கேட்டார்.