லை, வாய்: வியட்நாமிய வணக்கத்தின் இரண்டு சொற்கள்

அகராதியில் இரண்டுக்கும் 'வணங்கு' என்றுதான் இருக்கும். உடம்பு செய்வது வேறு. 'வாய்' என்றால் நின்றபடியே கைகூப்பி, நெற்றிவரை உயர்த்தி, லேசாகக் குனிவது. ஊதுபத்தி ஏற்றியதும் இயல்பாக வருவது இது. (தெற்கு வியட்நாமில் 'யாய்' என்று காதில் விழும்.)

'லை' அப்படியல்ல. மண்டியிட்டு, கைகளைத் தரையில் ஊன்றி, தலை தாழ்த்த வேண்டும். எண்ணிக்கையும் பேசும்: மரபுப்படி உயிரோடிருக்கும் பெற்றோருக்கு 2, புத்தருக்கு 3. இறந்தவருக்கு அடக்கத்துக்கு முன் 2, அதன்பின் 4. அடக்கம் வரை அவரை உயிரோடிருப்பவராகவே நடத்துகிறார்கள் என்பதால் இந்த வித்தியாசம். எனக்கு மனதை மிகவும் தொடுவது இதுதான்.

பேச்சு வழக்கிலும் இரண்டும் பிரிந்தே நிற்கின்றன. 'நோய் வந்தால் நாலு திசைக்கும் வாய்' என்பது பழமொழி. கைக்கு எட்டிய வழியெல்லாம் தேடும் தவிப்பு அதில் இருக்கிறது. 'லை'யோ நேரடி விளிப்பாகிவிட்டது. வியட்நாமியக் கத்தோலிக்கர்கள் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே' என்ற ஜெபத்தை 'லை' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறார்கள். அங்கே உடம்பு மண்டியிட வேண்டியதில்லை, சொல்லே மண்டியிடுகிறது.