பெரிய கப்பலா, நடுத்தரக் கப்பலா? ஐந்து பயணங்களுக்குப் பிறகு என் அனுபவம்

அடுத்த விடுமுறைக்கு எங்கள் முன்னால் இரண்டு உல்லாசப் பயணக் கப்பல்கள் இருந்தன. இரண்டும் ஒரே வாரத்தில் கிளம்புகின்றன, இரண்டிலும் ஏழு இரவுகள், துறைமுகங்களும் பெரும்பாலும் ஒன்றுதான். ஒன்றில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். இன்னொன்றில் அதில் பாதி. ஏழு வருடங்களில் இந்த இரண்டு வகையிலும் சேர்த்து ஐந்து முறை போய்வந்திருக்கிறோம்: பெரிய கப்பலில் மூன்று, நடுத்தரக் கப்பலில் இரண்டு. நாங்கள் போன கப்பல்களின் பெயரை இங்கே சொல்லவில்லை. நான் சொல்லப்போவது கப்பலின் அளவையும் அமைப்பையும் பற்றியது, அது எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும்.

முதல் தடவை கப்பலைத் தேர்ந்தெடுத்தது தண்ணீர்ச் சறுக்கைப் பார்த்து. பாறையேறும் சுவர், பனிச்சறுக்கு அரங்கம், பெரிய நாடக மேடை என்று பட்டியல் நீளமாக இருந்தது. மகளுக்கு அப்போது ஆறு வயது. அவள் சந்தோஷப்பட்டாள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திரும்பி வந்த பிறகு எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது சறுக்கைப் பற்றி அல்ல, அம்மாவின் நடையைப் பற்றி.

எங்கள் அறை கப்பலின் முன்பக்கம், இரவுச் சாப்பாட்டுக் கூடம் பின்பக்கம். இந்த வகைக் கப்பல்கள் சுமார் 360 மீட்டர் வரை நீளம். அம்மாவுக்கு முழங்கால் வலி. நடைபாதைச் சுவரில் ஓடும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடப்பார். தீத்தடுப்புக் கதவு வரும் இடத்தில் கைப்பிடி கொஞ்சம் அறுந்து மறுபடி தொடங்கும். அந்த இரண்டு எட்டு இடைவெளியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மூச்சு வாங்குவார், மறுபடி நடப்பார். மூன்றாம் நாள் மாலை கட்டிலில் உட்கார்ந்தபடியே, "நீங்கல்லாம் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்கப்பா. எனக்கு ரூமுக்கே ஏதாவது கொண்டுவரச் சொல்லு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவரையும் சேர்த்துத்தானே இந்தப் பயணத்தை யோசித்தோம்.

இன்னொரு விஷயம், எல்லா நடைபாதையும் ஒரே மாதிரி இருக்கும். வழி தப்பிவிடுமோ என்ற பயத்திலேயே அம்மா தனியாக வெளியே போகவில்லை. தரைக் கம்பளத்தில் மீன்கள் வரைந்திருப்பதையும், அவை எல்லாம் ஒரே திசையில், அதாவது கப்பலின் முன்பக்கம் நோக்கி நீந்துவதையும் கண்டுபிடித்தவள் மகள்தான். "பாட்டி, மீன் போற பக்கம் போனா நம்ம ரூம். எதிர்ப்பக்கம் போனா சாப்பாடு" என்று சொல்லிக்கொடுத்தாள். இப்படி வழிகாட்டும் கம்பளம் சில கப்பல்களில் மட்டுமே உண்டு. அப்புறம், அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்பு என்பதால் காந்த வில்லை ஒட்டும். கதவின் வெளியே வண்ணக் காந்தம் ஒன்றை ஒட்டி வைத்தோம். அம்மா கதவு எண்ணைப் பார்க்காமல் அந்த மஞ்சள் பூவைப் பார்த்தே வர ஆரம்பித்தார்.

அதிலிருந்து இரண்டு கப்பல்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது கேளிக்கைப் பட்டியலை அல்ல. எங்களில் யாருக்கு இந்தக் கப்பலில் சிரமம் அதிகமோ, அவருடைய ஒரு நாள் எப்படிப் போகும் என்று மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். காலையில் எழுந்து காபி குடிக்க எவ்வளவு தூரம்? எத்தனை முறை லிஃப்ட்? மழை வந்தால் ஜன்னலோரம் உட்கார இடம் கிடைக்குமா?

சரி, நெரிசலுக்கு வருவோம். பெரிய கப்பல் என்றால் கூட்டம் நெரியும் என்று எல்லோரும் நினைப்பார்கள். கணக்கு அப்படிச் சொல்வதில்லை. கப்பலின் மொத்த டன்னேஜ் என்பது எடை அல்ல, மூடிய இடத்தின் கொள்ளளவைக் கொண்டு போடும் கணக்கு. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 2018-இல் வந்த சிம்பொனி ஆஃப் தி சீஸ் என்ற பெரிய கப்பல் 2,28,081 டன்னேஜ், அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,518 பேர். வகுத்தால் 41. 2016-இல் வந்த கோனிங்ஸ்டாம் என்ற நடுத்தரக் கப்பல் கிட்டத்தட்ட ஒரு லட்சம் டன்னேஜ், 2,650 பேர். வகுத்தால் 38-ஐ ஒட்டி வரும். ஆக, உலகின் மிகப் பெரிய கப்பல்களில் ஒன்றில் தலைக்கு இடம் கொஞ்சம் அதிகமே. வைக்கிங் ஸ்டார் மாதிரி 930 பேர் மட்டும் போகும் சின்னக் கப்பலில் அது 51.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பள்ளி விடுமுறை வாரத்தில் அறையின் மூன்றாவது, நான்காவது படுக்கைகளும் நிரம்பிவிடும். எல்லாப் படுக்கையும் நிரம்பினால் சிம்பொனியில் 6,680 பேர் வரை ஏறலாம். அப்போது அந்த 41 என்பது 34 ஆகிவிடும். குழந்தைகளுக்கான வசதிகள் அதிகம் உள்ள கப்பலுக்குத்தான் குடும்பங்கள் வரும் என்பதால் இது பெரிய கப்பலில் கூடுதலாக நடக்கும். அதே வகைக் கப்பலில் பள்ளி நடக்கும் ஒரு வாரத்தில் போனபோது வேறு கப்பலில் இருப்பது போலவே இருந்தது. கப்பலைப் பார்க்கும் அதே கவனத்தோடு வாரத்தையும் பாருங்கள்.

மொத்த இடம் தாராளமாக இருந்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வாசலுக்கு வரும் தருணங்கள் உண்டு. நாடகம் முடிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வரும்போது லிஃப்ட் கிடைக்காது. முதல் நாள் மதியம் பஃபேயில் நிற்க இடமிருக்காது. அந்த நேரத்தில் எல்லோரும் ஏறிய கையோடு அங்கேதான் போவார்கள். அன்றைக்கு மட்டும் பிரதான சாப்பாட்டுக் கூடம் திறந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். திறந்திருந்தால் அமைதியாகச் சாப்பிடலாம். நடுத்தரக் கப்பலில் கூட்டம் குறைவு, ஆனால் லிஃப்டும் குறைவு. கடைசி நாள் காலை இறங்கும்போது இரண்டும் ஒன்றுதான்.

நடுத்தரக் கப்பலைப் பற்றிய என் பெரிய மனக்குறை அறையின் இடம் சம்பந்தப்பட்டது. முன்பதிவின்போது கொஞ்சம் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று, அறை எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் வகையில் எடுத்தோம். கிடைத்தது நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே. விடிவதற்கு முன்பே மேலே சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம். முதலில் இடி என்று நினைத்தேன். பிறகு அது தலைக்கு மேல் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நகர்ந்தது, நின்றது, மறுபடி தொடங்கியது. ஏழு நாளும் அப்படித்தான். வரவேற்பு மேசையில் சொன்னோம், மாற்றித் தர வேறு அறை இல்லை என்றார்கள். இப்போதெல்லாம் தள வரைபடத்தைத் திறந்து, நாங்கள் எடுக்கும் அறைக்கு மேலேயும் கீழேயும் படுக்கையறைகளே இருக்கின்றனவா என்று பார்க்காமல் பணம் கட்டுவதில்லை. சமையலறை, நாடக அரங்கு, நடனக் கூடம், நீச்சல்குளம் எதுவும் மேலேயோ கீழேயோ இருக்கக் கூடாது. கோடியில் முன்பக்கம் எடுத்தால், துறைமுகம் வரும் காலையில் நங்கூரச் சங்கிலியின் சத்தமும் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் இயந்திரத்தின் அதிர்வும் எழுப்பிவிடும். பால்கனி என்று போட்டிருந்தாலும் எதிரே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

அலையில் ஆடும் விஷயத்தில் பெரிய கப்பல்தான் தேவலை. மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. நடுத்தரக் கப்பலின் இரண்டாவது பயணத்தில் ஒரு இரவு அலை பெரிதாக இருந்தது. அறைக் கதவில் மாட்டியிருந்த அங்கி ஊசல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது, அதைப் பார்க்கவே முடியவில்லை என்று கழற்றிக் கீழே போடச் சொன்னாள். கப்பலின் அடியில் பக்கவாட்டில் நீளும் துடுப்புகள் இடவல ஆட்டத்தைக் குறைக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடும் ஆட்டத்துக்கு அவை அவ்வளவாக உதவாது. அதற்கு ஒரே வழி, கீழ்த் தளத்தில், நடுப்பகுதியில் அறை எடுப்பது. இரு முனையும் ஏறி இறங்கும் சீசா பலகை போலத்தான், நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் குறைவு. உயரத் தளத்துப் பால்கனி அறை அழகுதான், ஆனால் குமட்டல் வருகிறவர்களுக்கு அது வேண்டாம்.

துறைமுகம் என்று வரும்போது நிலைமை தலைகீழ். கப்பலைக் கரையோடு கட்ட முடியாத இடங்களில் கடலில் நங்கூரமிட்டு, டெண்டர் என்னும் சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். கிரீஸ் நாட்டுத் தீவான சாண்டோரினி அப்படிப்பட்ட இடம். பழைய துறையில் இறங்கியதும் மேலே ஃபிரா ஊருக்குப் போக கேபிள் கார், இல்லையென்றால் ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். ஆயிரக்கணக்கானோர் இறங்க வேண்டிய கப்பலில் உங்கள் முறை வரவே காலை போய்விடலாம், மேலே ஏற இன்னொரு வரிசை, திரும்பி வர மூன்றாவது வரிசை. ஒருமுறை காற்று பலமாக இருந்ததால் டெண்டர் படகே விடாமல் கப்பல் அப்படியே கடந்து போய்விட்டது. அது யாருடைய தவறும் இல்லை. ஆனால் உங்கள் பயணத்தின் மையமே அந்த ஒரு ஊர் என்றால், அங்கே கப்பல் கரையோடு நிற்குமா, கடலில் நங்கூரமிடுமா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அளவு காரணமாகப் போகவே முடியாத இடங்களும் உண்டு. 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் சான் மார்கோ சதுக்கத்துக்கு முன்பாகப் போக அனுமதியில்லை. விளம்பரத்தில் வெனிஸ் என்று இருந்தாலும் கப்பல் நிற்கும் இடம் வேறாக இருக்கலாம்.

சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி முன்னறிவிப்பின்றிச் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 85-உம் அதற்குக் கீழும் தேறாதவை. இந்த மதிப்பெண்கள் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகின்றன, கப்பல் பெயரைப் போட்டுத் தேடினால் போதும். வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸுக்குக் கைக்கு ஊற்றும் ஜெல்லை மட்டும் நம்ப வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இதோ எங்கள் முடிவு. மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது, அவள் வாக்கு பெரிய கப்பலுக்கு. ஆட்டத்தை நினைத்து மனைவிக்கும் அதுதான் விருப்பம். அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆனால் நடுத்தரக் கப்பலில் போன இரண்டு முறையும் நடுப்பக்க லிஃப்டுக்கு அருகில் இருந்த அறையிலிருந்து அவர் தனியாகவே எழுந்து போனார். காலை ஆறரை மணிக்கு மேல்தளத்தில் தேநீரோடு உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு, அங்கே பழக்கமான இன்னொரு அம்மாவோடு பேசிவிட்டு, நாங்கள் எழுவதற்குள் திரும்பி வந்திருப்பார். பெரிய கப்பலில் ஒருநாள்கூட அப்படி நடக்கவில்லை.

நடுத்தரக் கப்பலையே பதிவு செய்துவிட்டோம். ஐந்தாம் தளம், நடுப்பகுதி, லிஃப்டிலிருந்து நான்காவது கதவு, மேலேயும் கீழேயும் படுக்கையறைகள். மனைவியே வரைபடத்தை இரண்டு முறை பார்த்துச் சரி என்றாள். மகளுக்காக, பதின்வயதினருக்குத் தனி இடம் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டோம். மஞ்சள் பூக் காந்தத்தை அம்மா ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டார்.